கறுப்பு அட்டையிலிருந்து தங்கப் பதக்கம் வரை: கிரேசியா பொலியின் ஒன்பது ஆண்டுகள்

2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து எட்டுப் பூப்பந்து வீராங்கனைகள் வெளியேற்றப்பட்டார்கள். வேண்டுமென்றே தோற்க முயன்றார்கள் என்பதே குற்றச்சாட்டு. அந்த எட்டுப் பேரில் ஒருவர் இந்தோனேசியாவின் கிரேசியா பொலி. 2021 ஓகஸ்ட் 2ஆம் திகதி அதே கிரேசியா டோக்கியோவில் மகளிர் இரட்டையர் தங்கப் பதக்கத்தை வென்றார். இடையில் கடந்தது ஒன்பது ஆண்டுகளும் ஒரு நாளும்.

இதை விடாமுயற்சிக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் போருக்குப் பின்னர் மேடைக்கு மேடை 'மீண்டெழுங்கள்' என்று கேட்டுச் சலித்த தலைமுறை எங்களுடையது. எப்படி எழும்புவது, யார் கை கொடுப்பது என்று சொன்னவர்கள் குறைவு. கிரேசியாவின் கதையில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இருப்பதாக நான் நினைக்கிறேன்.

லண்டனில் நடந்தது என்ன?

ஒலிம்பிக் பூப்பந்தில் குழுநிலைப் போட்டிகள் முதன்முறையாக அறிமுகமானது லண்டனில்தான். ஒவ்வொரு குழுவிலும் முதலிரு இடங்களைப் பெறும் ஜோடிகள் காலிறுதிக்குச் செல்லும். யார் யாரோடு மோதுவது என்பது முன்கூட்டியே அட்டவணையில் எழுதப்பட்டிருந்தது. ஓட்டை அங்கேதான் இருந்தது.

சீனாவின் தியான் சிங் - ஷாவ் யுன்லெய் ஜோடி டென்மார்க்கிடம் எதிர்பாராமல் தோற்று, தன் குழுவில் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. சீனாவின் மற்ற ஜோடியான வாங் சியாவொலி - யூ யாங் தம் கடைசிக் குழுநிலை ஆட்டத்தில் வென்றால், இறுதிக்கு முன்பே தம் நாட்டவரையே சந்திக்க நேரிடும். தோற்றால் அதைத் தவிர்க்கலாம். ஆகவே அவர்களும், எதிரே நின்ற தென் கொரிய ஜோடியும் பந்தை வலையில் அடித்தார்கள், கோட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள்.

அடுத்து வந்தது கிரேசியா - மெய்லியானா ஜௌஹாரி ஜோடியின் ஆட்டம். எதிரே இன்னொரு தென் கொரிய ஜோடி. இந்த ஆட்டத்தில் வெல்பவர்கள் காலிறுதியில் உலகின் முதல்நிலை ஜோடியான வாங் - யூவைச் சந்திக்க வேண்டும். இங்கும் அதே காட்சி. நடுவர் கறுப்பு அட்டையைக் காட்டி, பின்னர் திரும்பப் பெற்றார். மறுநாள் உலகப் பூப்பந்துச் சம்மேளனம் நான்கு ஜோடிகளையும் தகுதி நீக்கியது.

அட்டவணையின் ஓட்டை அவர்கள் செய்ததைச் சரியாக்கிவிடாது. ஆனால் தண்டனையோடு மட்டும் விடயம் நின்றிருந்தால் அதே ஓட்டை அடுத்த ஒலிம்பிக்குக்கும் போயிருக்கும். சம்மேளனம் விதியையும் மாற்றியது. இரண்டாம் இடம்பெறும் ஜோடிகளின் எதிராளியை, குழுநிலை முடிந்த பிறகு சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது என்று முடிவானது. தோற்றுத் தப்பும் கணக்கு அதன் பின் எளிதில் செல்லாது. தவறு செய்தவரைத் தண்டிப்பதும், தவறுக்கு இடம் கொடுத்த விதியைத் திருத்துவதும் சேர்ந்து நடந்தது இங்கே முக்கியம்.

மீண்டும் ஆடுகளத்தில்

கிரேசியா 1987இல் ஜகார்த்தாவில் பிறந்து மனாடோவில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பூப்பந்துக்காகத் தாயுடன் மீண்டும் ஜகார்த்தாவுக்கு வந்து ஜயா ராயா கழகத்தில் பயிற்சி பெற்றார்.

லண்டனுக்குப் பின்னர் அவருக்குத் துணையாக நின்றவர் நித்யா கிரிஷிந்தா மகேஸ்வரி. பெயரைப் பார்த்து எங்கள் ஊர்ப் பிள்ளை என்று நினைக்க வேண்டாம், அவர் ஜாவாத் தீவைச் சேர்ந்தவர். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் இருவரும் தங்கம் வென்றார்கள். இறுதியில் அவர்கள் வீழ்த்திய ஜப்பானின் மட்சுடோமோ - தகஹாஷி ஜோடிதான் இரண்டு ஆண்டுகள் கழித்து ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றது. ரியோவில் கிரேசியா - நித்யா காலிறுதியோடு வெளியேறினார்கள். அவர்களை வென்ற சீன ஜோடியில் யூ யாங் இருந்தார். லண்டனில் வெளியேற்றப்பட்ட எட்டுப் பேரில் அவரும் ஒருவர்.

அதன் பிறகு நித்யாவின் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. முப்பதை நெருங்கிய கிரேசியா ஓய்வு பெறுவது பற்றி யோசித்தார். பயிற்றுவிப்பாளர் எங் ஹியான், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் இரட்டையர் வெண்கலம் வென்றவர், இளையவர் ஒருவரை அவரோடு சேர்த்துவிட்டார். அவர்தான் அப்ரியானி ரஹாயு. தென்கிழக்குச் சுலாவேசியில் 1998இல் பிறந்தவர். சின்ன வயதில் தந்தை மரத்தில் செய்து கொடுத்த ரக்கெட்டால் ஆடியவர். இருவருக்கும் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். சேர்ந்த முதல் ஆண்டான 2017இலேயே தாய்லாந்து, பிரெஞ்சுப் பகிரங்கத் தொடர்களை வென்றார்கள்.

துணை என்பதன் பொருள்

இரட்டையர் ஆடுகளத்தின் அகலம் 6.1 மீற்றர், நீளம் 13.4 மீற்றர். ஒருவர் முன்னே போனால் மற்றவர் பின்னே நிற்க வேண்டும். எதிராளி ஓங்கி அடிக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக விரிய வேண்டும். மகளிர் இரட்டையரில் ஒரே அடியில் புள்ளி முடிவது குறைவு. பந்து பல தடவை போய் வரும். அதனால் மூச்சும் பொறுமையும் துணை மீதான நம்பிக்கையும் இல்லாமல் வெல்ல முடியாது.

டோக்கியோ இறுதியாட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரேசியாவின் ரக்கெட் நரம்பு அறுந்தது. அவர் ஓரத்துக்கு ஓடி வேறு ரக்கெட்டை எடுத்துத் திரும்பும் வரை முழு ஆடுகளத்தையும் அப்ரியானி தனியே காத்தார். இந்தக் கட்டுரைக்காக அந்தக் காட்சியை நான் பல தடவை பார்த்தேன். கிரேசியா ஒரு கணமும் தயங்கவில்லை. பின்னால் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தவரின் ஓட்டம் அது.

அந்த ஒலிம்பிக்குக்கு அவர் வந்த வழியும் இலேசானதல்ல. 2020 டிசம்பரில் திருமணம், அதே மாதத்தில் சகோதரரின் இழப்பு. டோக்கியோவில் தரப்படுத்தப்படாத ஜோடியாக இறங்கி, குழுநிலையில் ஜப்பானின் ஃபுகுஷிமா - ஹிரோதாவையும், அரையிறுதியில் தென் கொரியாவையும் வென்று, இறுதியில் சீனாவின் சென் சிங்சென் - ஜியா யிஃபானை 21-19, 21-15 என்று வீழ்த்தினார்கள். இந்தோனேசியாவுக்கு மகளிர் இரட்டையரில் இது முதல் ஒலிம்பிக் தங்கம். டோக்கியோவில் அந்த நாட்டுக்குக் கிடைத்த ஒரே தங்கமும் இதுதான். அப்போது கிரேசியாவுக்கு வயது 33.

2022 ஜூனில் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில் அவர் விடைபெற்றார். அப்ரியானி புதிய துணையோடு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

கிரேசியாவிடம் மன உறுதி இருந்தது, சந்தேகமில்லை. அதோடு திருத்தப்பட்ட ஒரு விதியும், ஓய்வை யோசித்தவரைப் போகவிடாத ஒரு பயிற்றுவிப்பாளரும், பக்கத்தில் நின்ற ஓர் இளம்பெண்ணும் இருந்தார்கள். எங்கள் ஊர்களிலும் விழுந்த பிள்ளைகள் பலர். அவர்களிடம் 'எழும்பு' என்று சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ரக்கெட் நரம்பு அறுந்தால் அந்தப் புள்ளி முடியும் வரை களத்தைக் காக்க யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் நாங்கள் யோசிக்க வேண்டும்.