கொலோன் பேராலயத்தில் சிறுமியரின் குரல்



ஞாயிறு திருப்பலியில் நம் பாடகர் குழுவைப் பார்த்தால் பெண்பிள்ளைகளைக் காணாமல் இருக்க முடியாது. இதை நாம் மிக இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் சிறுமியருக்கென்று ஒரு பாடகர் குழு பிறந்தது 1989இல்தான். 2024இல் அக்குழு 35 ஆண்டுகளை நிறைவு செய்தது. அதே பேராலயத்தின் சிறுவர் குழு 1863இலேயே மீண்டும் தொடங்கப்பட்டது. இடையில் 126 ஆண்டுகள்! ஏன் இந்தத் தாமதம்?

விடையின் ஒரு பகுதி 1903ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் திருவழிபாட்டு இசையைச் சீர்படுத்த ஓர் ஆவணம் வெளியிட்டார். நாடக அரங்குகளின் பாட்டுமுறை ஆலயத்துக்குள் புகுந்துவிட்ட காலம் அது. அவருடைய கவலை நியாயமானதே. ஆனால் அந்த ஆவணம் இன்னொன்றும் சொன்னது: பாடகர் குழுவினர் ஆற்றுவது உண்மையான திருவழிபாட்டுப் பணி, ஆகவே பெண்கள் அதில் சேர இயலாது, உயர்ந்த குரல்கள் தேவையானால் சிறுவர்கள் பாடட்டும். ஆவணத்தின் தேதி நவம்பர் 22. அது திருஇசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள்! ஒரு பெண் புனிதரின் திருநாளில் பெண்களுக்குப் பாடகர் குழுவின் கதவு சாத்தப்பட்டது.

கதவு மெல்லத்தான் திறந்தது. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், ஆண்களின் குழு கிடைக்காத இடங்களில் பெண்களும் பாடலாம், ஆனால் பீடப்பகுதிக்கு வெளியே நின்று பாட வேண்டும் என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1967இல் வந்த விதிமுறை, தேவையுள்ள இடங்களில் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவையும் ஏற்றுக்கொண்டது.

இதே ரைன் ஆற்றங்கரையில், பிங்கன் நகருக்கு அருகே, 12ஆம் நூற்றாண்டில் துறவு மடத் தலைவியாக வாழ்ந்த புனித ஹில்டெகார்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தம் சகோதரிகள் பாடுவதற்கென்றே பாடல்கள் இயற்றியவர் அவர். 80 வயதில், ஒருவருடைய அடக்கம் பற்றிய சர்ச்சையால், அவருடைய மடத்தில் திருவழிபாட்டுப் பாடலுக்கே தடை விதிக்கப்பட்டது. அவர் வாளாவிருக்கவில்லை, இறைபுகழை நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று மைன்ஸ் நகரின் திருச்சபை அதிகாரிகளுக்கு எழுதினார். 1179இல் அவர் இறப்பதற்கு முன்பே தடை நீங்கியது. 2012இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது.

மீண்டும் கொலோனுக்கு வருவோம். இன்று அங்கே சிறுமியர் குழு, மற்றக் குழுக்களோடு முறைவைத்துப் பேராலய வழிபாட்டில் பாடுகிறது. பேராலயத்தின் இசைப் பள்ளியில் தொடக்கக் கல்வியோடு பாட்டும் கற்கும் பிள்ளைகளில் சிறுமியரும் உண்டு. அந்தப் பேராலயத்தில் பாடுவது எளிதல்ல. உயர்ந்த கல் வளைவுகளில் ஒலி மோதி, அடங்குவதற்குப் பத்து வினாடிக்கு மேல் ஆகும். அவசரப்பட்டால் ஒரு சொல் அடுத்த சொல்லை விழுங்கிவிடும். பொறுமையைப் பிள்ளைகள் அங்கே தொண்டையால் கற்கிறார்கள்! சிறுவனின் குரல் பதின்மூன்று, பதினான்கு வயதில் உடைந்துவிடும். சிறுமியின் குரலோ அப்படித் திடீரென மாறிவிடுவதில்லை. பள்ளிப் படிப்பு முடியும்வரை முதிர்ந்துகொண்டே போகும். ஆகவே பல ஆண்டுப் பயிற்சியின் பலன் அந்தக் குழுவிலேயே தங்குகிறது.

நம் வீட்டுப் பெண்பிள்ளை பாடகர் குழுவுக்குப் போகும்போது, “பாட்டு கிளாசுக்குப் போகிறாள்” என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 1903இன் ஆவணம் பெண்களை விலக்கியது வருத்தமே. ஆனால் பாடுவது திருவழிபாட்டுப் பணி என்று அது சொன்னது இன்றும் உண்மை. அந்தப் பணியைத்தான் இப்போது சிறுமியரும் செய்கிறார்கள். 975ஆம் ஆண்டு தொடங்கிய ரேகன்ஸ்பர்க் பேராலயப் பாடகர் பள்ளியும் 2022இல் சிறுமியரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கெனத் தனிக் குழு அமைத்திருக்கிறது.