இடிக்க வருபவர் தரும் பணம்

வீடு கட்டக் காசு செலவாகும்; இடித்தால் காசு வரும். சென்னையில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் பலர் இதைக் கேட்டதும் முதலில் நம்புவதில்லை. இடிக்கும் காண்ட்ராக்டர் வந்து கதவைத் தட்டிப் பார்க்கிறார், சுவரைச் சாவியால் கீறுகிறார், மொட்டைமாடிவரை ஏறி இறங்குகிறார். பிறகு, தான் எவ்வளவு தர முடியும் என்று ஒரு தொகை சொல்கிறார்.

சாவியால் கீறுவது சுவர் சுண்ணாம்பா சிமென்டா என்று பார்க்கத்தான். சுண்ணாம்புக் காரையில் வைத்த செங்கல் கொத்தினால் முழுசாகக் கழன்று வரும், மறுபடி விலை போகும். சிமென்டில் வைத்தது சாந்தோடு சேர்ந்து உடையும். கூரை மெட்ராஸ் டெரஸ் என்றால் அவர் முகம் மலரும். தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் போட்டு, மேலே சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்திய தளம் அது. பிரித்தால் அத்தனையும் தேக்கு! கான்கிரீட் வீட்டிலோ கம்பி, கதவு, ஜன்னல் கிரில்லோடு சரி. தொகை இறங்கிவிடும், சிறிய வேலை என்றால் கூலியை வீட்டுக்காரரே கொடுக்க நேரும்.

இடிப்பது என்றால் சம்மட்டியும் பிரேக்கரும் போதும் என்று நினைப்பவர்கள் ஜன்னல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடைக் கவனிக்க வேண்டும். கீழே தாங்க ஒன்றும் இல்லை. அதன் வால் சுவருக்குள் செருகியிருக்கிறது. வாலின்மேல் சுவரின் பாரம் உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து சுவரைக் கொத்திக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் அந்தப் பாரம் போய்விடும். சன்ஷேடு முன்பக்கம் கவிழும், அதில் நிற்கும் ஆளோடு. பழகிய மேஸ்திரி முதலில் கீழே முட்டுக் கொடுப்பார். அல்லது மேல்சுவர் நிற்கும்போதே சன்ஷேடை உடைத்துத் தள்ளிவிடுவார்.

ரப்பிஷை மாடியிலேயே குவிப்பதும் அதே மாதிரி ஆபத்து. வீட்டுத் தளத்தில் ஆட்களும் சாமான்களும் ஏற்றும் பாரத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அதே இடத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ரப்பிஷ் குவிந்தால் ஒரு டன்னைத் தாண்டும்.

வெடி வைத்துச் சாய்ப்பதும் உண்டு. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே மூன்றடிச் சந்து இருக்கும் தெருவில் அதற்கெல்லாம் வழியில்லை. அங்கே கடப்பாரைதான்.

இடிக்காமல் பிரித்தெடுப்பது இன்னும் நுட்பம். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய வீடுகள் சில, இடிபட இருந்தவற்றை வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து கூட்டியவை. எந்தக் கட்டை எங்கே இருந்தது என்று குறிக்காமல் கழற்றினால் மிஞ்சுவது விறகு.

காண்ட்ராக்டரிடம் தொகை பேசும்போதே எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. மாநகராட்சி அனுமதி வாங்குவது யார், ஈபி இணைப்பைத் துண்டித்த பிறகுதானா வேலை, ரப்பிஷ் எங்கே போகும், கிணற்றையும் சம்ப்பையும் மூடுவது யார். கட்டட இடிபாட்டுக்கென்று 2016இல் தனி விதிகளே வந்துவிட்டன. ஏரிக்கரையில் லோடு கொட்ட முடியாது. இன்னொன்று, வாசல் நிலை. பாட்டி மஞ்சள் பூசிய நிலையை வீட்டோடு வைத்துக்கொள்ள ஆசை இருந்தால், அதையும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். காண்ட்ராக்டர் கணக்கில் அது முதல் நாளே கழன்றுவிட்ட தேக்கு.