தரங்கம்பாடியும் கோபன்ஹேகனும்

காவிரி நாட்டின் கீழ்க்கடற்கரையில் அமைந்த பழைய துறைமுகம் தரங்கம்பாடி. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று, டென்மார்க்கு நாட்டினர் 1620இல் இங்குக் கோட்டை கட்டத் தொடங்கினர். அவர்தம் தலைநகராகிய கோபன்ஹேகனில் 1705 நவம்பர் இறுதியில் கப்பலேறிய சீகன்பால்கு, 1706 ஜூலை 9ஆம் நாள் இக்கரையை அடைந்தார். ஏழு திங்களுக்கு மேற்பட்ட பயணம் அது! சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. ஆதலின், அந்நாளைய பாய்க்கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வந்தன. காற்று வீசாதபோது கடலிலே காத்துக் கிடந்தன.

வானூர்திக்கோ நிலமும் கடலும் ஒன்றே. உலக உருண்டையின்மேல் இவ்விரண்டு ஊர்களையும் இணைத்து ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்நூல் காட்டுவதே மிகக் குறுகிய வழி. அதன் நீளம் ஏறத்தாழ 7,600 கிலோமீட்டர். தொலைவை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வானூர்தி, இத்தொலைவை ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் கடக்கும். எனினும், தரங்கம்பாடியில் வானூர்தி நிலையம் இல்லை. திருச்சிராப்பள்ளிக்கோ சென்னைக்கோ தரைவழியே சென்று, இடையில் வானூர்தி மாறியும் போகவேண்டும். ஆகவே, பயணம் ஏறத்தாழ ஒரு நாள் நீளும்.

அக்காலத்தில் ஒரு மடலுக்கு மறுமொழி பெற ஓராண்டுக்கு மேலாயிற்று. அச்செழுத்துகளும் அவ்வாறே கடல்வழி வந்து சேர்ந்தன. 1715இல் புதிய ஏற்பாடு இவ்வூரில் தமிழில் அச்சாகி முடிந்தது. இன்று தொலைவு குறையவில்லை, காலமே சுருங்கியது. ஊக்கமும் பொறுமையும் உடையார்க்கு அந்நெடுங்காலமும் தடையாக நிற்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.