கோடைக்கு எங்கே சேர்ப்பது?

ஏப்ரல் கடைசியில் டெல்டா வயல்களில் உளுந்தும் பயறும் எடுத்து முடித்திருப்பார்கள். வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் மணல்தான் தெரியும். ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறப்பார்களா என்பதே பெரியவர்களின் பேச்சு. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி கடைத்தெருக்களில் கோடைப் பயிற்சி பிளக்ஸ்கள் எழுவதும் இந்த நேரத்தில்தான்: நீட், ஸ்போக்கன் இங்கிலீஷ், கையெழுத்து, நீச்சல்.

நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கும் பிள்ளையை எதில் சேர்த்தாலும் பெரிய கேடு இல்லை. என் கவலை மற்ற பிள்ளைகளைப் பற்றியது. ஒன்பதாவதில் திடீரென்று மார்க் சரிந்தவன். கதவைச் சாத்திக்கொண்டு போனோடு கிடப்பவள். பத்தாவதில் ஒரு பாடம் போய், துணைத் தேர்வுக்குக் காத்திருப்பவன். “ஹாஸ்டலோட எங்கயாவது சேத்துவுடுங்க, சரியாயிடுவான்” என்று மாமாவோ சித்தப்பாவோ சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். விடிகாலை முதல் இரவு வரை பாடம் நடத்தும் விடுதியில் போட்டால், தவிக்கிற பிள்ளைக்குப் புரிவது ஒன்றுதான்: வீட்டுக்கு நான் வேண்டாதவன்.

அமெரிக்காவில் பதின்வயதினரைத் ‘திருத்தும்’ முகாம்கள் பெரிய வணிகமாகவே வளர்ந்தன. சிறுவயதில் அத்தகைய இடங்களில் அடைக்கப்பட்ட அந்நாட்டுப் பிரபலம் பாரிஸ் ஹில்டன், தான் பட்ட கொடுமைகளை வெளியே சொல்லிப் பல ஆண்டுகள் போராடினார். சிறார் விடுதிகளைக் கண்காணிக்க வழிசெய்யும் சட்டம் 2024 டிசம்பரில்தான் அங்கே வந்தது.

முகாமுக்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள். கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா? எழுத்துக் கூட்டுவதிலேயே சிக்கலா? வகுப்பில் யாரும் அடிக்கிறார்களா, சாதியைச் சொல்லிச் சீண்டுகிறார்களா? தூக்கம், சாப்பாடு, பிடித்த விளையாட்டு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். சாவைப் பற்றிப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே அழையுங்கள்.

அதன்பிறகு முகாம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடையில் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கில் 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் காலையும் மாலையும் பயிற்சி தருகிறது. உடம்பு களைத்தால் தூக்கம் வரும்; இரவில் பிள்ளை நம் வீட்டில் இருக்கும். 5 முதல் 16 வயது வரையுள்ளோருக்கு ஜவகர் சிறுவர் மன்றத்தில் பாட்டு, பரதம், ஓவியம் போன்றவை உண்டு. அங்கே மார்க் கிடையாது. மார்க்கால் நொந்த பிள்ளைக்கு அதுவே பாதி ஆறுதல்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. இதற்கு வகுப்பு இல்லை, சான்றிதழும் இல்லை. மறைந்த ‘நெல்’ ஜெயராமன் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழா திருத்துறைப்பூண்டிப் பக்கம் கோடையை ஒட்டி நடக்கும். 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப்போனால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வகுத்த ஏற்பாடு. நிலமுள்ள வீடு என்றால் பிள்ளையை அங்கே கூட்டிப்போய், அவன் கையாலேயே மாப்பிள்ளைச் சம்பா வாங்கச் சொல்லுங்கள். வயலில் ஒரு மூலையை அவனுக்கே விடுங்கள். ஆவணியில் நாற்றுவிட்டால் தை வரை, ஏறக்குறைய 160 நாள், களை, தண்ணீர், பூச்சி எல்லாம் அவன் பொறுப்பு. ‘எதற்கும் லாயக்கில்லை’ என்று கேட்டுக் கேட்டுப் புளித்தவனிடம் ஓர் ஊர் விதையை நம்பிக் கொடுக்கிறது. இரண்டு வாரப் பயிற்சி எதுவும் இதற்கு ஈடாகாது என்பேன்.

எந்த இடமானாலும் நாலு கேள்வி கேளுங்கள். சொல்லித் தருபவர் யார்? ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? நினைத்த நேரத்தில் நாம் போய்ப் பார்க்க விடுவார்களா? பெண் பிள்ளைகளுக்குச் சுத்தமான கழிப்பறை உண்டா? பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் பிள்ளையையும் அழைத்துப்போய் இடத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அதட்டாமல், ஏன் என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.