வெள்ளம் உழுகிற காடு

வங்கியில் பதவி உயர்வு கொடுத்தால் கூடவே பெட்டி படுக்கையும் கட்டச் சொல்வாங்க. 2010-ல் எனக்குக் கிடைத்த இடம் அசாமின் தின்சுகியா. மேப்பில் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. போய்ச் சேர்ந்த பிறகுதான், ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி குய்ஜான் படகுத்துறைக்கு எதிரே ஒரு காடு ஆற்றுக்குள் தீவாகக் கிடக்கிறது என்று தெரிந்தது. பெயர் திப்ரு சைகோவா. இன்று விவசாயியாக நின்று யோசித்தால், மண்ணையும் தண்ணீரையும் பற்றி நான் படித்த முதல் பாடம் அங்கேதான்.

தீவு எப்படி வந்தது?

வடக்கே பிரம்மபுத்திராவும் லோஹித்தும், தெற்கே திப்ரு ஆறு. நடுவில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் காடு. 1950 ஆகஸ்ட் 15 அன்று மேல் அசாமை 8.6 அளவு நிலநடுக்கம் குலுக்கியது. மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்து, அத்தனை மண்ணும் ஆற்றில் இறங்கியது. ஆற்றுப்படுகை மேடானது. படுகை மேடானால் தண்ணீர் என்ன செய்யும்? பக்கவாட்டில் கரையைத் தின்னும். புதுப் பாதை தேடும். பின்னால் லோஹித்தின் ஒரு பகுதி தெற்கே உடைத்துக்கொண்டு பாய, காட்டைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர் ஆனது. 1997-ல் இது உயிர்க்கோளக் காப்பகம், 1999-ல் தேசியப் பூங்கா.

தண்ணீரில் நிற்கிற மரம்

ஜூன் வந்தால் வெள்ளம். செப்டம்பர் வரை வருவதும் வடிவதுமாக இருக்கும். இந்தக் காட்டில் இருக்கிற எல்லாமே அதற்குப் பழகியவை. ஆற்றோரச் சதுப்பில் சாலிக்ஸ் மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. நம்ம ஊர் ஆற்றுப்பாலை இந்த இனம்தான். வாரக்கணக்கில் அடிமரம் மூழ்கினாலும் சாகாது. வேர் வண்டலைப் பிடித்துக்கொள்ளும். வடகிழக்கில் சாலிக்ஸ் சதுப்புக்காடு இவ்வளவு பெரிதாக வேறெங்கும் இல்லை என்கிறார்கள்.

மரம் இல்லாத இடமெல்லாம் நாணலும் ஆளுயரப் புல்லும். வெள்ளம் வடிந்ததும் புது வண்டலில் தளிர் வரும். காட்டெருமை, யானை, மான் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. இந்தப் புல்லுக்குள்ளே மட்டுமே வாழ்கிற சின்னக் குருவிகளும் உண்டு. சதுப்புச் சிலம்பன் மாதிரி பறவைகளைப் பார்க்க எங்கிருந்தோ கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவாங்க. புல்லை எரித்தாலோ உழுதாலோ அந்தக் குருவிக்குப் போக்கிடம் கிடையாது.

இந்தக் காட்டைக் காக்க முதலில் காரணமாக இருந்தது ஒரு வாத்து. உடல் கறுப்பு, தலை வெள்ளை. அதன் அழுகுரலைக் கேட்டு அசாமியர்கள் வைத்த பெயருக்கு அர்த்தம் ஆவி வாத்து. அசாமின் மாநிலப் பறவையும் அதுதான். வாத்து என்றாலும் கூடு வைப்பது பெரிய மரப்பொந்தில். நிழல் விழுகிற காட்டுக்குட்டையில்தான் இரை தேடும். அதாவது கிழமரமும் வேண்டும், தேங்கிய தண்ணீரும் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் வாத்து போச்சு. இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

வேடிக்கையாக, காட்டுக் குதிரைகளும் இங்கே உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது ராணுவம் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள் என்று சொல்கிறார்கள். லாடம் தெரியாத, சேணம் தெரியாத குதிரைகள். மணல்திட்டில் கூட்டமாக ஓடுவதை ஒருமுறை படகிலிருந்து பார்த்தேன்.

பீல் என்னும் மீன் நாற்றங்கால்

பூங்காவை ஒட்டி மகுரி மோட்டாபுங் என்ற பெரிய நீர்நிலை. இப்படிப்பட்டதை அங்கே 'பீல்' என்பார்கள். வெள்ளத்தில் ஆறும் பீலும் ஒன்றாகும்போது மீன்கள் உள்ளே வந்து முட்டையிடும், குஞ்சு வளரும். ஆற்றில் திரிகிற டால்பினுக்கு இரை இப்படித்தான் பெருகுகிறது. கரையை உயர்த்தி ஆற்றையும் பீலையும் பிரித்தால் இந்த நாற்றங்கால் காய்ந்துவிடும்.

2020 மே 27 அன்று பக்கத்திலிருக்கும் பாக்ஜானில் ஒரு எரிவாயுக் கிணறு வெடித்துப் பீறிட்டது. ஜூன் 9-ல் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். நவம்பர் நடுவில்தான் முழுதாக அணைந்தது. அந்த எண்ணெய் படிந்தது இந்தப் பீலின் மேல். மீன் செத்து மிதந்தது, ஒரு டால்பினும் செத்து ஒதுங்கியது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் முகாமுக்குப் போனார்கள்.

பட்டா இல்லாத விவசாயி

இந்தக் காட்டுக்குள்ளே லைகா, தாதியா என்று மிசிங் பழங்குடி ஊர்கள் உண்டு. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆறு தங்கள் நிலத்தைத் தின்றதால் இங்கே வந்தவர்கள். மூங்கில் கால்களின் மேல் வீடு கட்டி, கீழே வெள்ளம் போக வழி விட்டிருப்பார்கள். வடிந்த வண்டலில் கடுகு விதைப்பார்கள். அசாமின் தாழ்நிலங்களில் பாவ் என்று ஒரு நெல். தண்ணீர் ஏற ஏறத் தாளும் வளரும். நம்ம மடுமுழுங்கிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வெள்ளமும் வண்டல் தராது. சில வருடம் வெறும் மணலைக் கொட்டிவிட்டுப் போகும். அந்த வருடம் பட்டினிதான்.

தேசியப் பூங்கா ஆனதும் இவர்கள் சட்டப்படி உள்ளே இருக்கக்கூடாதவர்கள் ஆனார்கள். வெளியே மாற்றிடமும் கிடைக்கவில்லை. 2020 கடைசியில் தின்சுகியாவுக்கு வந்து போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். காட்டைக் காக்கிறோம் என்றால் காட்டில் இருந்தவர்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டாமா?

அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. ஒரு மிசிங் விவசாயி கடுகு சாகுபடிக்குப் பயிர்க்கடன் கேட்டு வந்தார். நில ஆவணம் எங்கே என்றேன். அப்பா காலத்து நிலம் ஆற்றுக்குள்ளே இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினார். விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'ஆவணம் இல்லை' என்று எழுதித் திருப்பிவிட்டேன். விதிப்படி சரிதான். ஆனால் வெள்ளத்தோடு அறுபது வருடம் பயிர் செய்த குடும்பத்தின் அறிவை எந்த ஆவணத்தில் எழுதுவது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த முதல் வருடம், ஓடைக்கரையில் நின்ற நாணலையும் கோரையையும் ஜேசிபி விட்டுச் சுத்தமாக வழித்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசி மழையில் நாற்பது அடி கரை சரிந்து, மேல்மண்ணோடு போனது. அன்றைக்குத்தான் திப்ருவின் சாலிக்ஸ் வேர்கள் நினைவுக்கு வந்தன. இப்போது கரையில் வெட்டிவேர் வைத்திருக்கிறேன், நாணலை அதன் போக்கில் விட்டுவிட்டேன். இந்த வருடம் அதில் தூக்கணாங்குருவி கூடு கட்டியிருக்கிறது.

உங்கள் நிலத்திலும் ஓடை, வாய்க்கால், தாழ்ந்த மூலை இருக்கும். அங்கே என்ன முளைக்கிறது, தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, வடிந்த பிறகு வண்டல் விழுகிறதா மணலா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள். அதற்கப்புறம் ஜேசிபிக்குப் போன் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். அந்தக் கடுகு விவசாயியிடம் நான் கேட்டிருக்க வேண்டியதும் அதைத்தான். ஆவணத்தைக் கேட்டுவிட்டேன்.