சம்பந்தி வீட்டுக் கறுப்புக் கறி

நெதர்லாந்தில் இருக்கிற உங்கட பிள்ளை ஒரு இந்தோனேசியக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால், விருந்து மேசைக்கு என்ன வரக்கூடும் தெரியுமா?

எங்கட பக்கம் தாலி கட்டுகிற நாளில் மச்சம் கிடையாது. பல வீடுகளில் நாலாஞ் சடங்கு வரைக்கும் பொறுத்திருக்க வேணும். அங்கே சீன வம்சாவளிக் குடும்பம் என்றால், பாபி கெச்சாப் என்ற பன்றி இறைச்சிக் கறி வரலாம். கொழுப்போடு சேர்ந்த இறைச்சியைச் சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சியோடு வதக்கி, இனிப்புச் சோயா சோஸ் விட்டு, மெல்லிய நெருப்பில் நெடுநேரம் வேக விடுவார்கள். குழம்பு வற்றிக் கன்னங்கரேலென்று மினுங்கும்.

இந்தக் கறியே ஒரு கலப்புக் கலியாணத்தின் பிள்ளைதான். அந்தக் காலத்தில் சீன வணிகர்கள் பெரும்பாலும் தனி ஆண்களாக ஜாவாத் துறைமுகங்களுக்கு வந்தார்கள். அந்த ஊர்ப் பெண்களையே மணந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சீதனமாக வந்தது சோயா. பெண் வீடு கொடுத்தது, மரத்தில் இறக்கிய இனிப்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த வெல்லம். எங்கட பனங்கட்டிக்கு அது நெருங்கிய சொந்தம்! இரண்டும் சேர்ந்த அந்தக் கறுப்புச் சோஸ் இல்லாமல் இந்தக் கறி இல்லை.

நெதர்லாந்துக்கு இது எப்படிப் போனது? யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தருக்கு மேலிடமே ஜாவாவின் பத்தாவியா நகரம்தான். இந்தோனேசியாவை நெடுங்காலம் ஆண்டவர்கள், அந்த ருசியையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பன்றி வேண்டாம் என்பவர்கள் அதே குழம்பில் கோழியைப் போடுவார்கள். அதற்குப் பெயர் ஆயாம் கெச்சாப்.