மேசைமேல் ஆர்க்காடு

போரை விளையாட்டாக்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையையும் ஒரு பலகைமேல் நிறுத்திச் சதுரங்கம் என்று பெயரிட்டனர் முன்னோர். ஆடுபுலி ஆட்டமும் அவ்வினத்ததே. மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் வளைத்துக் கட்டும் அவ்வாட்டத்தில் இரு திறத்தாருக்கும் வலிமையும் ஒவ்வாது, வழியும் ஒவ்வாது. ஆயினும் இவை இரண்டும் போரின் சாயலைக் காட்டுவனவே. நிகழ்ந்த ஒரு போரை எடுத்து, அது நிகழ்ந்த இடத்தின் உருவைச் சிறிதாக அமைத்து, பொம்மைப் படைகளைக்கொண்டு அளவுகோலாலும் தாயத்தாலும் மீண்டும் நடத்திப் பார்க்கும் ஆட்டம் வேறொன்று உண்டு. அதனை ஈண்டு மேசைப்போர் என்று வழங்குவோம்.

இவ்வாட்டத்தின் பிறப்பிடம் பிரஷ்ய நாடு. ரைஸ்விட்ஸ் என்பார் 1812ஆம் ஆண்டில் மேடும் பள்ளமும் ஆறும் அமைந்த ஒரு போர் மேசையைச் செய்து தம் அரசருக்கு அளித்தார். பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த அவர் மகனார் அதனைத் திருத்தி, 1824இல் விதிகளை நூலாக வெளியிட்டார். அதன்பின் அஃது அந்நாட்டுப் படைத்தலைவர்க்குப் பயிற்சியாயிற்று. ஆங்கில ஆசிரியராகிய எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலை எழுதி, ஈயப் பொம்மைகளைக்கொண்டு எவரும் வீட்டில் ஆடுமாறு செய்தார்.

பாபநாசத்தில் விடுமுறை நாட்களில் யாம் நால்வர் கூடி இவ்வாட்டத்தை ஆடத் துணிந்தபோது, எப்போரை எடுப்பது என்னும் வினா முதலில் எழுந்தது. யாம் தெரிந்துகொண்டது 1751ஆம் ஆண்டின் ஆர்க்காட்டுப் போர். அதனைக் கிளைவின் வீரச்செயல் என்றே பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்போம். அதன் வேரை நோக்கின், அஃது ஓர் உள்நாட்டுப் போர். 1749இல் நவாபு அன்வருத்தீன் ஆம்பூர்ப் போரில் மாண்டபின், அவர் மகன் முகம்மது அலியும், முந்திய நவாபு மரபில் மணம் செய்த சந்தா சாகிபும் கருநாடக நவாபுப் பட்டத்திற்குப் பொருதனர். ஒருவர்க்கு ஆங்கிலக் கும்பினியாரும் மற்றவர்க்குப் பிரெஞ்சுக்காரரும் துணையாயினர். இரு பக்கத்தும் சுடப்பட்டவருள் மிகப் பலர் இந்நாட்டுச் சிப்பாய்களே. நம் தஞ்சையும் அப்போருக்குப் புறம்பன்று. 1749இன் இறுதியில் சந்தா சாகிபு தஞ்சைக் கோட்டையை வளைத்தார். 1752இல் திருவரங்கத்தில் அவர் உயிரிழந்தது தஞ்சை மன்னர் பிரதாபசிங்கின் படைத்தலைவனாகிய மானோஜியின் கையிலேயே.

சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டிருந்தார். அவர் படையைப் பிரிக்கும் பொருட்டுக் கிளைவு 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் சென்னையினின்று புறப்பட்டு ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிபு 4000 சிப்பாய்களோடும் 150 பிரெஞ்சுக்காரரோடும் வந்து ஊருக்குள் புகுந்தார். அக்காலத்து ஆங்கிலப் பஞ்சாங்கப்படி செப்டம்பர் 24ஆம் நாள் கிளைவு கோட்டையை விட்டு வெளிப்போந்து, நவாபின் அரண்மனையை அடுத்த தெருக்களில் பொருதார். அந்த ஒரு நாட் சண்டையே எம் மேசைப்போரின் பொருள்.

ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உடைய பலகையே எம் ஆர்க்காடு. அட்டையால் முப்பது வீடுகளும் ஓர் அரண்மனையும் செய்தோம். குடமுருட்டியாற்றுக் களிமண்ணைப் பிசைந்து விரற்கணு அளவில் பொம்மைகள் பிடித்து, உலர்த்தி வண்ணம் இட்டோம். ஒரு பொம்மை ஐந்து ஆட்களுக்கு ஈடு. எனவே கிளைவின் பக்கம் நூறு பொம்மைகள். ரஸா சாகிபின் பக்கம் எண்ணூற்று முப்பது வேண்டும். அத்தனைக்கு மேசையில் இடமில்லை. தெருவிலோ அதினும் இல்லை. ஒரு தெருவின் அகலத்தில் ஐந்து பொம்மைகளே வரிசையாக நிற்கும். ஆகவே ஒரே சமயத்தில் 120 பொம்மைகளுக்கு மேல் இறக்கலாகாதென்று விதித்தோம். பெருந்தொகை குறுந்தெருவில் பயன்படாதென்பது ஆட்டம் தொடங்குமுன்னரே விளங்கிற்று.

விதிகள் எளியன. இரு திறத்தாரும் மாறி மாறி ஆடுக. தன் முறையில் ஒரு பொம்மை தெருவில் ஆறு அங்குலம் நடக்கும். வீட்டினுள் புகுவதாயின் அம்முறை முழுதும் அதற்கே செல்லும். கண்ணுக்கு நேரே மறைவின்றிப் பன்னிரண்டு அங்குலத்துள் இருப்போரைச் சுடலாம். ஐந்து பொம்மைகள் கொண்ட ஒரு குழு சுடுங்கால், தாயக்கட்டை இரண்டையும் ஒருமுறை உருட்டுக. கட்டையின் நான்கு முகங்களிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்னும் குறிகள் உள. இலக்கானவர் வெளியில் நிற்பின் கூட்டுத்தொகை நான்கும் அதற்கு மேலும் விழுந்தால் ஒரு பொம்மை வீழும். சன்னலுக்குள் நிற்பின் ஐந்தாவது ஆறாவது விழல் வேண்டும்.

இதன் கணக்கை நோக்குக. இரண்டு கட்டைகளும் விழும் வகை பதினாறு. அவற்றுள் நான்கு முதல் ஆறு வரை தருவன ஆறு. ஐந்தும் ஆறும் தருவன மூன்றே. ஆகவே தெருவில் நிற்பவன் படும் இடர், சன்னலில் நிற்பவன் படும் இடரினும் சரியாக இரு மடங்கு. செப்டம்பர் 24இல் நிகழ்ந்தது இதுவே. கிளைவின் ஆட்கள் தெருவிலிருந்த பிரெஞ்சுப் பீரங்கிகளைச் சுட்டோரை விரட்டினர். ஆயின் அப்பீரங்கிகளை இழுத்து வர இயலவில்லை. அரண்மனையினின்றும் வீடுகளினின்றும் குண்டுகள் பொழிந்தன. சன்னலொன்றிலிருந்து ஒரு சிப்பாய் கிளைவைக் குறிபார்க்க, லெப்டினன்டு டிரென்வித் அவரை ஒருபுறம் இழுத்தார். குறி மாறி அவர்மேற் பாய்ந்தது. அன்று பட்ட காயத்தால் இறந்த ஐரோப்பியர் பதினைவர். யாம் மூன்று முறை ஆடினோம். இரு முறை பீரங்கிகளை அணுகியும் கொணர முடியாமலே கிளைவின் பக்கத்தார் திரும்பினர்.

மேசைப்போரில் ஒரு பெரும் பொய் மறைந்துள்ளது. ஆடுவோன் கருடனைப்போல் மேலிருந்து நோக்குகின்றான். தெருவில் நின்றவனுக்கோ அடுத்த மூலைக்கு அப்பால் என்ன உள்ளதென்று தெரியாது. இப்பொய்யை ஒழிக்க நடுவர் ஒருவர் இன்றியமையாதவர். எந்த வீட்டில் எத்தனை பேர் பதுங்கியுள்ளனர் என்பதைச் சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்துவிடல் வேண்டும். அவர்கள் சுட்டபின்னரே பொம்மைகள் மேசைமேல் தோன்றும். இவ்விதியைச் சேர்த்த பின், விரைந்தோடிய ஆட்டம் அச்சத்தோடு ஊர்ந்து செல்லலாயிற்று.

பின்னர் ஐம்பது நாள் முற்றுகை நடந்தது. நவம்பர் 14ஆம் நாள் நெற்றியில் இரும்புத் தகடு பூண்ட யானைகள் கதவை மோத வந்தன; குண்டடிபட்டுத் தம் படையையே மிதித்துத் திரும்பின. அன்று கோட்டையைக் காக்க வல்லவராயிருந்தோர் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களுமே. சோறு குறைந்தபோது சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியர்க்கு விட்டு, வடித்த கஞ்சியைத் தாம் உண்டனர் என்னும் கதை மெக்காலேயின் 1840ஆம் ஆண்டுக் கட்டுரையால் எங்கும் பரவிற்று. அதன் மெய்ம்மை எவ்வாறாயினும், முற்றுகையில் வெடிமருந்தினும் நெல்லே பெரிது என்பதைப் பாபநாசத்தார்க்கு ஒருவர் சொல்ல வேண்டுவதில்லை. இவ்வூர்த் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் இன்றும் நிற்கின்றது.

நெல்லை நினைத்தபோதே எம் மேசையில் ஒரு குறை புலப்பட்டது. அங்கே வீடுகள் இருந்தன, குடியிருப்போர் இல்லை. ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் மட்டுமே மூவாயிரம் நாலாயிரம் மக்கள் வாழ்ந்தனர். கிளைவு புகுந்தபோது அவர்களைத் தத்தம் இல்லங்களில் இருக்கவிட்டார் என்று வரலாறு கூறுகின்றது. ஊருக்குள் இருந்தார் இன்னும் பலர். 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மாட்ரிட் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் படைகள் பொருதபோது, நூல்நிலையப் புத்தகங்களே சன்னல்களில் அரணாக அடுக்கப்பட்டன. ஊருக்குள் நிகழும் போரில் எவர் வீடும் எவர் ஏடும் போர்க்கருவியாகிவிடும். இதனைக் காட்டாத மேசைப்போர் பாதிப் போரே.

ஆதலால் வீட்டிற்கு இருபதாக அறுநூறு நெல்மணிகளை வைத்தோம். படை புகுந்த வீட்டின் நெல் அடுத்த வீட்டிற்குப் பெயர்தல் வேண்டும். அங்கும் படை இருப்பின் தெருவில் கிடக்கும். தாயக்கட்டை இரண்டும் வெறுமையாய் விழுந்தால், அத்தெருவில் உள்ள ஒரு மணியை எடுத்துவிடுக. தாய ஆட்டத்தில் பன்னிரண்டு என்று ஆர்ப்பரிக்கும் வீழ்ச்சி அது. எம் மேசையில் அது விழுந்தபோது எவரும் ஆர்ப்பரிக்கவில்லை. மூன்றாம் ஆட்டத்தில் கிளைவின் பக்கத்தார் வீடு வீடாகப் புகுந்து சென்று பீரங்கிகளைக் கைப்பற்றினர். அவ்வெற்றிக்குப்பின் நோக்கினால், நெல்லில் பாதிக்கு மேல் தெருவிற் கிடந்தது. வரலாற்றுக் கிளைவு அடையாத வெற்றியை அடைந்த அந்நண்பரே முதலில் அதனைச் சுட்டினார்.

இவ்வாட்டத்தை ஆட விரும்பும் மாணவர் எம் விதிகளைத் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்; வேறு போரையும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மாற்றற்க. வென்றவர் யார் என்று நடுவர் கூறுமுன், வீட்டில் எஞ்சிய நெல் எத்தனை, தெருவிற் கிடப்பது எத்தனை, எடுக்கப்பட்டது எத்தனை என்று இரு திறத்தாரும் ஒருங்கிருந்து எண்ணி எழுதுக.